மூன்று முறை அழைத்தும்

மூன்றாம் எண் கோர்ட்டின் பெஞ்ச் கிளார்க் அன்றைக்கும் ஒன்பதே முக்காலுக்கு வந்தார். பூட்டைத் திறந்தார். கிழக்குச் சுவரில் வரிசையாக இருந்த ஐந்து ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்துவிட்டார். நூறு வருஷத்துக் கட்டடம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் அளவுக்குக் கூரையைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். நீதி உயரமானது என்று அந்தக் காலத்தில் நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. இப்போது அந்த உயரத்தில் புறாக்கள்தான் குடியிருந்தன. கீழே வாதாடுகிறவர்கள் தலைமேல் அவ்வப்போது தங்கள் கருத்தையும் தெரிவித்துவந்தன.

கிளார்க்குக்கு ஐம்பத்து மூன்று வயது. நீதிபதிக்கு ஒரு படி கீழே உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் ஃபைல் எடுத்துக் கொடுத்தவர். தலைமை எழுத்தர் நாற்காலி காலியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பட்டியலில் முதல் பெயர் அவருடையது. ஆய்வுக்கு வரப்போகும் பெரிய நீதிபதி, ‘இவர்மீது குற்றம் குறை ஏதுமில்லை’ என்று ஒரு வரி எழுத வேண்டியதுதான் பாக்கி. அந்த ஒரு வரிக்காக அவர் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு நடமாடினார்.

அன்று மேஜைமேல் முப்பத்தேழு ஃபைல்கள் இருந்தன. எல்லாம் பத்து வயதைத் தாண்டிய வழக்குகள். ஆய்வுக்கு முன் பழசெல்லாம் ஒழிய வேண்டும் என்பது நீதிபதியின் கட்டளை. அந்த நீதிபதிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் முன்னுரை. எதைப் பேசத் தொடங்கினாலும் முன்னுரையிலேயே சாயங்காலம் ஆகிவிடும்.

“நீதிங்கறது ஒரு நதி,” என்று முந்தின நாள் அறைக்குள் கூப்பிட்டுத் தொடங்கினார். “அது தேங்கக் கூடாது. தேங்கிட்டா என்ன ஆகும்?”

“கொசு வரும், ஐயா.”

“அதேதான். நாளைக்கு எல்லாத்தையும் முடிச்சிடுங்க.”

முடிப்பதற்கு ஒரு முறை உண்டு. வழக்குப் போட்டவர் வரவில்லை என்றால், டவாலி வாசலுக்குப் போய் அவரை உரக்க மூன்று முறை அழைக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால்தான் தள்ளுபடி. இந்தக் கோர்ட்டின் டவாலிக்கு ஒலிபெருக்கி என்று பெயர். ஒரு காலத்தில் அவர் வாசலில் நின்று அழைத்தால், சம்பந்தமே இல்லாத ஆட்கள்கூடச் சாலையில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்கள். ஆறு வருஷத்துக்கு முன் தொண்டையில் அறுவை செய்தார்கள். உயிர் மிஞ்சியது, குரல் மிஞ்சவில்லை. அதன்பிறகு அவர் வாசலுக்குப் போய், கையை வாயருகே குவித்து, மூன்று முறை காற்றை விட்டுவிட்டுத் திரும்பிவருவார். யாரும் கேட்டதில்லை. வக்கீல் வைத்திருப்பவர்களை வக்கீல் பார்த்துக்கொள்வார். நாளடைவில் அந்தக் காற்றும் வீண்வேலை என்று ஆகிவிட்டது. கிளார்க் முந்தின நாள் சாயங்காலமே உத்தரவுகளை டைப் அடித்துவைத்துவிடுவார்.

‘மூன்று முறை அழைத்தும் வாதி ஆஜரில்லை. வழக்கு தள்ளுபடி.’

முப்பத்தேழு தடவை அதே வரி. இருபத்தொன்பதாவது, ஜன்னல் வழக்கு.

ஜன்னலம்மா ஒரு தையல்காரி. ஒரே அறை, ஒரே ஜன்னல், அதன் கீழே தையல் மெஷின். பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஜன்னலுக்கு ஒரு சாண் தள்ளி இரண்டு மாடி உயரத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டார். நடுப்பகலில் அறை பெட்டிக்குள் வைத்தாற்போல் ஆகிவிட்டது. அம்மா கோர்ட்டுக்கு வந்தார். முதல் வக்கீல் ஓய்வுபெற்றார். இரண்டாவது வக்கீல் அம்மாவைப் பார்த்தாலே பின்வாசல் வழியாகப் போனார். பிறகு வக்கீல் பெயர் எழுதும் இடத்தில் அம்மா ‘நானே’ என்று எழுதினார். பழைய புத்தகக் கடையில் சட்டப் புத்தகம் வாங்கிப் படித்து, ஒன்பது வருஷம் தானே வந்து நின்றார். ஒவ்வொரு தடவையும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து வாய்தா கேட்பார். முன்னுரை, நதியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வாய்தா கொடுப்பார்.

அழைப்பு வரும்வரை அம்மா கடைசி பெஞ்சில், ஐந்தாவது ஜன்னலோரம் உட்கார்ந்து எதையாவது தைத்துக்கொண்டிருப்பார்.

“இது கோர்ட்டும்மா, தையக்கடை இல்ல,” என்று கிளார்க் ஒருமுறை அதட்டியிருக்கிறார்.

“தெரியும் சார். வீட்ல ஊசியில நூல் கோக்க முடியல. நீங்க நியாயம் குடுக்கறப்ப குடுங்க, அதுவரைக்கும் இந்த வெளிச்சத்தையாவது எடுத்துக்கறேன்.”

கடைசி ஐந்து வாய்தாவுக்கு அவர் வரவில்லை. அலுத்துப்போயிருக்கும் என்றார்கள்.

முன்னுரை நாற்பது நிமிஷத்தில் முப்பத்தேழு கையெழுத்துப் போட்டார். இருபத்தொன்பதாவது ஃபைலை நகர்த்தும்போது கிளார்க் பழக்கதோஷத்தில் கடைசி பெஞ்சைப் பார்த்தார். யாரும் இல்லை.

ஆனால் அங்கேயிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. கத்தரிக்கோல் வாயை மூடுகிற சத்தம்.

புறாவாக இருக்கும் என்று அடுத்த ஃபைலை நகர்த்தினார்.

மறுநாள் காலை வழக்கம்போல ஐந்து ஜன்னல்களையும் திறந்தார். நான்கிலிருந்து வெயில் பாய்ந்து தரையில் கட்டம் கட்டமாக விழுந்தது. ஐந்தாவதிலிருந்து விழவில்லை.

ஜன்னல் கதவு திறந்துதான் இருந்தது. வெளியே மரம் தெரிந்தது, இலைகள் பளபளத்தன, ஒரு ஆள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். எல்லாம் வெயிலில் குளித்துக்கொண்டிருந்தன. அந்த வெயில் ஜன்னல் விளிம்புவரை வந்து அங்கேயே நின்றது.

உள்ளே வரவில்லை.

கையை வெளியே நீட்டினார். சுட்டது. உள்ளே இழுத்தார். குளிர்ந்தது. மூக்கில் ஈர சிமெண்ட் வாசனை ஏறியது, இப்போதுதான் யாரோ பூசிவிட்டு எழுந்து போனதுபோல.

மின்சாரப் பணியாளர் வந்து பார்த்தார். “சார், நான் டியூப்லைட் பாக்கறவன். சூரியனுக்கு எங்கிட்ட ஸ்பேர் கெடையாது,” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு ஜன்னலருகே போனார். திரும்பி வரும்போது சிரிக்கவில்லை. கருவிப் பையைக்கூட மறந்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் நான்காவது ஜன்னல். அதற்கடுத்த வாரம் மூன்றாவது. கிளார்க்குக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாற்காலியை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். ஃபைலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் பின்னாலிருந்து துணியில் ஊசி இறங்கி ஏறும் சத்தம் கேட்டது. திரும்பினால் நின்றுவிடும். எழுதத் தொடங்கினால் தொடங்கும். வக்கீல்கள் கைப்பேசி விளக்கில் வாதாடினார்கள். அதனால் வாதம் ஒன்றும் மோசமாகிவிடவில்லை என்பது வேறு விஷயம்.

முன்னுரைக்குக் கோபம் வந்தது. “இது இயற்கையான இருட்டா, நிர்வாக ரீதியான இருட்டா?”

“விசாரிக்கிறோம், ஐயா.”

“ஆய்வு வர்றதுக்குள்ள வெளிச்சம் வரணும். கடிதம் எழுதுங்க.”

“யாருக்குங்கய்யா?”

முன்னுரை யோசித்தார். அது அவருக்கும் தெரியவில்லை.

தள்ளுபடியான வழக்கை மீண்டும் எடுக்கச்சொல்லி மனுப் போட முப்பது நாள் கெடு உண்டு. இருபத்தொன்பதாம் நாள் காலை, பூட்டியிருந்த அறைக்குள், கிளார்க்கின் மேஜைத் தட்டில் ஒரு மனு இருந்தது. நான்கு மூலையும் சீராக, பசை போடாமல் வெள்ளை நூலால் தைத்திருந்தது. தையல் ஒன்றுக்கொன்று இம்மி பிசகாத இடைவெளி.

அந்தக் கையெழுத்தை அவருக்கு ஒன்பது வருஷமாகத் தெரியும்.

‘அன்று காலை பத்தரை மணி முதல் கடைசி பெஞ்சில் இருந்தேன். என்னை யாரும் அழைக்கவில்லை.’

தாளைத் தொட்ட விரல்களில் சிமெண்ட் தூள் ஒட்டியது.

நோட்டீஸ் கொண்டுபோய்க் கொடுக்கிற அமீனாவை அழைத்து அந்த விலாசத்துக்கு அனுப்பினார். அமீனா எதற்கும் அசராத மனுஷன். நாய் துரத்திய வீட்டிலும் கையெழுத்து வாங்கிவருகிறவன். மத்தியானம் வந்து தண்ணீர் கேட்டான். இரண்டு டம்ளர் குடித்தான்.

“சார், அந்தம்மா செத்து அஞ்சு மாசம் ஆச்சாம்.”

கிளார்க் மனுவைத் திருப்பித் தேதியைப் பார்த்தார்.

“மூணு நாளாக் கதவு தெறக்கலன்னு ஒடச்சிருக்காங்க. நடுப்பகல்ல டார்ச் அடிச்சுத்தான் கண்டுபிடிச்சாங்களாம். மெஷின் மேல சாஞ்ச மாதிரி இருந்தாங்களாம். வெரல்ல ஊசி. நூல் கோக்காத ஊசி.”

“மனு நேத்து தேதியில இருக்குடா.”

“அத என்கிட்ட ஏன் சொல்றீங்க? எனக்குப் புள்ளகுட்டி இருக்கு சார்.”

கிளார்க் மனுவை எடுத்துக்கொண்டு நீதிபதியின் அறைக்குப் போனார். முன்னுரை அதை இரண்டு முறை படித்தார். கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். பிறகு தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக முன்னுரை இல்லாமல் பேசினார்.

“செத்தவங்க மனுப் போட முடியாது. மனு வந்திருக்கு. ஆகவே அவங்க சாகல.”

“ஐயா, அமீனா நேர்ல போய்...”

“சட்டப்படி சாகல. செத்தவங்க மேல நான் தள்ளுபடி உத்தரவு போட்டேன்னு ஆய்வுல தெரிஞ்சா, இந்தக் கட்டடமே சிரிக்கும். வழக்கைத் திருப்பி எடுத்துக்கலாம். அதுக்கு ஒரு காரணம் வேணும்.” மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அன்னைக்குக் கூப்பிட்டீங்களா, இல்லையா?”

அறையில் குழல்விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் கிளார்க்குக்குத் தன் கைகள் சரியாகத் தெரியவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்யாகப் பதிவு எழுதிய குற்றம் தலையில் விழும். இருபத்திரண்டு வருஷமும், அந்த ஒரு வரியும், அந்த நாற்காலியும் போய்விடும்.

“கூப்பிட வேண்டியது டவாலியோட வேலைங்கய்யா,” என்றார். “கூப்பிட்டதாச் சொன்னாரு. நான் நம்பி எழுதிட்டேன்.”

“ம்,” என்றார் முன்னுரை. நிம்மதியாகப் பேனாவைத் திறந்தார். “நம்பிக்கைங்கறது ஒரு விளக்கு...”

ஒலிபெருக்கிக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அன்று சாயங்காலமே தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. அதைக் கிளார்க்தான் கொடுக்க வேண்டியிருந்தது. வராந்தாவில் நின்று படித்த ஒலிபெருக்கி, தாளை நான்காக மடித்தார். பக்கத்தில் வந்தார். அவர் பேசுவது கேட்க வேண்டுமானால் காதைக் கொடுத்தாக வேண்டும்.

“எனக்குக் கொரலே இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும், தம்பி,” என்றது அந்தக் காற்று. “நீ முந்தின நாளே அடிச்சு வெச்சது எனக்கு மட்டும்தான் தெரியும்.”

“அண்ணே, ரெண்டு மாசம்தானே. அப்புறம் நான் அந்த நாற்காலிக்குப் போனதும் எல்லாத்தையும் சரிபண்ணிடறேன்.”

ஒலிபெருக்கி தாளைச் சட்டைப்பையில் வைத்தார். கிளார்க்கின் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துத் தலையை லேசாக அசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

கிளார்க் திரும்பிப் பார்த்தார்.

வராந்தா காலியாக இருந்தது.

வழக்கு மறுபடி பட்டியலுக்கு வந்த நாளில் கடைசி ஜன்னலும் அணைந்திருந்தது. பதினொரு மணிக்கு, வெளியே வெயில் கொளுத்தும்போது, உள்ளே மூன்று விளக்கைப் போட்டும் முகம் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் வக்கீல் வழக்கம்போல வாய்தா கேட்கத் தயாராக இருந்தார். புது டவாலி இன்னும் வரவில்லை. ஆகவே கிளார்க்தான் வாசலுக்குப் போனார்.

“ஜன்னல் வழக்கு... வாதி!”

வராந்தாவில் நின்ற சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஜன்னல் வழக்கு, வாதி!”

யாரோ ஒருவர் செருமினார். அவ்வளவுதான். கிளார்க்குக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இப்போது முறைப்படி அழைத்தாயிற்று. முறைப்படி வராமல் போனால் முறைப்படித் தள்ளுபடி செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

“வாதி!”

“இருக்கேன், சார்.”

வராந்தாவிலிருந்து வரவில்லை அது. அவருக்குப் பின்னாலிருந்து, கோர்ட்டுக்குள்ளிருந்து வந்தது.

முன்னுரையின் கையிலிருந்த பேனா மேஜையில் விழுந்து உருண்டது. வக்கீல் பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். கடைசி பெஞ்சிலிருந்து சாட்சிக்கூண்டுவரை மெதுவாகச் செருப்புச் சத்தம் நடந்தது. கூண்டின் சின்னக் கதவு திறந்தது.

மூடிக்கொண்டது.

“வா... வாய்தா,” என்றார் முன்னுரை.

எரிந்துகொண்டிருந்த மூன்று விளக்குகளில் ஒன்று அணைந்தது.

“இல்ல, இன்னைக்கே விசாரிப்போம்! சத்தியப் பிரமாணம்! சத்தியப் பிரமாணம் செய்து வைங்கய்யா!”

அது பெஞ்ச் கிளார்க்கின் வேலை. காலிக் கூண்டின் முன்னால் போய் நின்றார். ஈர சிமெண்ட் வாசனை முகத்தில் அடித்தது.

“நான் சொல்வதெல்லாம் உண்மை,” என்றார்.

“நான் சொல்வதெல்லாம் உண்மை,” என்றது கூண்டு.

“உண்மையைத் தவிர வேறொன்றும் இல்லை.”

“உண்மையைத் தவிர வேறொன்றும் இல்லை.” பிறகு அதே குரல், அவர் காதுக்கு மட்டும், மிகவும் தணிந்து கேட்டது: “நீங்க சொல்லலையா, சார்?”

அவர் வாயைத் திறந்தார். வார்த்தை தொண்டைவரை வந்தது. அந்த நேரம் பார்த்து முன்னுரை பதிவுக்காகக் கேட்டார்:

“அன்னைக்கு வாதியை அழைக்காம விட்டது டவாலியோட தவறு. அப்படித்தானே?”

கூண்டில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அது காத்திருந்தது.

“அப்படித்தாங்கய்யா,” என்றார் கிளார்க்.

யாரோ நூலைப் பல்லால் கடித்து அறுத்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. பதினோரு வருஷமாக வாய்தா கேட்ட வக்கீல், “குறுக்கு விசாரணை இல்லை,” என்று சொல்லிவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே வெளியேறினார். முன்னுரை நாலே வரியில் தீர்ப்புச் சொன்னார். சுவரை இடிக்க வேண்டும். அந்தக் கட்டடத்தின் வரலாற்றிலேயே அவ்வளவு சுருக்கமான தீர்ப்பு வந்ததில்லை. அன்று பாடம் கற்றுக்கொண்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம், மறுநாளே நதி பழையபடி பெருக்கெடுத்து ஓடியது.

தீர்ப்பில் கையெழுத்து விழுந்ததும், ஐந்து ஜன்னல்களிலும் வெயில் ஒன்றாக உள்ளே விழுந்தது. எல்லோரும் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள்.

ஆய்வுக்கு வந்த பெரிய நீதிபதி, நல்ல வெளிச்சமான கோர்ட் என்று பாராட்டினார். குற்றம் குறை ஏதுமில்லை என்று எழுதினார்.

தலைமை எழுத்தருக்குத் தனி அறை. சுழலும் நாற்காலி. அதில் உட்கார்ந்த முதல் நாள் அவர் இரண்டு முறை முழுசாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டார். புதிதாக வரும் பிராதுகளில் பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் அங்கே முதல் வேலை. அதில் அவர் புலி. ஓரம் ஒரு விரல் குறைந்தால்கூடத் திருப்பிவிடுவார். பதினோரு மணிக்குள் ஏழு பிராதுகளைத் திருப்பி அனுப்பினார்.

எட்டாவது, வெள்ளை நூலால் தைத்திருந்தது.

வெகு நேரம் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிரித்தார். பிரதிவாதி என்ற இடத்தில் அவருடைய பெயர், தகப்பனார் பெயர், வயது, பதவி எல்லாம் இருந்தன. புதிய பதவி. கோரிய பரிகாரம் ஒரே வரி: ‘மூன்று முறை அழைத்ததாக எழுதியவர் பிரதிவாதியே என்று அறிவிக்க வேண்டும்.’

பிழை தேடினார். ஓரம் சரியாக இருந்தது. நகல்கள் சரியாக இருந்தன. தேதி, சட்டப்பிரிவு, உறுதிமொழி எல்லாம் இருந்தன. ஒன்பது வருஷம் தானே வாதாடியவர் எழுதிய பிராது. ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. வாதிக்காக ஆஜராகும் வக்கீல்: நானே.

கடைசியாக ஒரு கட்டம் மிச்சமிருந்தது. வாதியின் விலாசம். ஜன்னலம்மாவின் வீடுதான் இப்போது பூட்டிக் கிடக்கிறதே, இதிலாவது மாட்டமாட்டாளா என்று விரலை அங்கே கொண்டுபோனார்.

அது அவருடைய வீட்டு விலாசம். அடியில், ‘முன்னறை’ என்று எழுதியிருந்தது.

வீட்டுக்குப் போன் அடித்தார். மனைவி எடுக்க வெகு நேரம் ஆயிற்று.

“ஏங்க, நானே கூப்பிடணும்னு இருந்தேன். உங்களத் தேடி ஒரு அம்மா வந்திருக்காங்க. கோர்ட்ல ரொம்ப வருஷப் பழக்கமாமே? ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னதில்லையே நீங்க.”

“எங்க... எங்க இருக்காங்க?”

“முன் ரூம்ல, ஜன்னலோரமா. உங்க சட்டையில பட்டன் விட்டுப்போச்சில்ல, குடும்மா நான் தச்சுத் தரேன்னு வாங்கி வெச்சிருக்காங்க. பாவம், ஊசியில நூல் கோக்கத்தான் முடியல. நானும் லைட்டப் போட்டுப் பாத்துட்டேன். மட்டமத்தியானத்துல இப்படியாங்க இருட்டிக்கிட்டு வரும்?”

“அவங்கள வெளிய அனுப்பு. ஒடனே அனுப்பு. அனுப்பிட்டுக் கதவச் சாத்து.”

மனைவி போனை விலக்கி யாரிடமோ ஏதோ கேட்டாள். பதில் தெளிவாகக் கேட்கவில்லை. கத்தரிக்கோல் மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மனைவி திரும்பி வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

“போக மாட்டாங்களாங்க. கேஸ் முடியறவரைக்கும் இங்கதான் இருப்பாங்களாம்.”

சுழலும் நாற்காலி அசையாமல் நின்றது. இந்தக் கட்டடத்தில் ஒரு கேஸ் முடிய எத்தனை வருஷம் ஆகும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.